சாவடிக் கிணறு

பதினேழாம் அத்தியாயம்

அபிநயா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஆறு நாள் ஆகியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய கையில் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஒன்பது வயதுப் பெண், ஒரு இட்லியைப் பாதி தின்பதற்குள் களைத்துப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மேட்டுத் தெருவில் அவளோடு சேர்த்துப் பத்துப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்திருந்தன. வெயில் என்றார்கள் சிலர். சந்தையில் விற்ற ஐஸ் என்றார்கள் சிலர். அபிநயாவின் அம்மா கோகிலவாணி இரண்டையும் மாற்றி மாற்றி நம்பிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை ஏழேகால் மணி வரைக்கும்.

ஏழேகாலுக்கு ஒடுகத்தூரிலிருந்து ஒரு போன் வந்தது.

"இன்னாம்மா, நேத்து சாயங்காலமே லாரி வரும்னு சொன்னீங்க. டிரைவரு வேலூர்ல கொட்டிட்டு வர லேட்டாய்டுச்சுன்னாரு. இன்னிக்காவது வருமா? டேங்க் ரொம்பி வெளிய வழியுது."

"வருங்க. வண்டி எங்க கீதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

கோகிலவாணி சந்தவாசலில் பிறந்தவள். பதினோரு வருடங்களுக்கு முன் அவள் சாவடிமேட்டுக்கு மருமகளாக வந்தபோது, இந்தக் குடும்பத்திடம் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் ஒரு பழைய டிராக்டரும்தான் இருந்தன. கணவனின் அண்ணன் தங்கவேல்தான் கக்கூஸ் தொட்டி இறைக்கும் கழிவுநீர் லாரி வாங்கலாம் என்றார். தம்பி, அதாவது அவள் கணவன் வெற்றிச்செல்வன் ஓட்டுவான், கோகிலவாணி போனில் ஆர்டர் எடுப்பாள் என்று ஏற்பாடு. முதல் மாதம் கணவனின் சட்டையைத் துவைக்கும்போது அவளுக்குக் குமட்டியது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தபோதும் அவள் தலை குனிந்ததில்லை. அவர்கள் வீட்டுத் தொட்டியையும் இந்த லாரிதான் வந்து இறைக்கிறது.

லாரியில் ஜி.பி.எஸ். உண்டு. லைசென்சுக்காகப் பொருத்தியது. வண்டி போன வழியை அவள் தன் போனிலேயே பார்க்கலாம். ஆனால் பழைய நாட்களை அவள் திறந்து பார்த்ததே இல்லை. தேவைப்பட்டதில்லை.

இன்று பார்த்தாள். நேற்று லாரி வேலூர்ப் பக்கமே போகவில்லை. ஊர்க் கோடியில், கல்சாவடியின் பின்பக்கம் இருபத்திரண்டு நிமிடம் நின்றிருந்தது.

முந்தின நாளைப் பார்த்தாள். அதே இடம், பத்தொன்பது நிமிடம். அதற்கு முந்தின வாரம், மாசி மாதம், தை மாதம். விரலால் தள்ளத் தள்ள, சிவப்புக் கோடு ஒவ்வொரு நாளும் அங்கேயே போய் நின்றது. அங்கே இருப்பது என்ன என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவடிக் கிணறு.

நெல்லிவாசல்நாட்டிலிருந்தும் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்தும் புளியும் சாமையும் சுமந்து இறங்கியவர்கள், தங்கி இளைப்பாறி, விடிந்ததும் ஒடுகத்தூர் சந்தைக்குப் போவதற்காகக் கட்டிய சாவடி அது. நூற்றைம்பது வருடத்துக்குக் குறையாது. கருங்கல் தூண்கள், சுண்ணாம்புச் சுவர்கள், நடு முற்றத்தில் கிணறு. ஜீப்பும் பஸ்ஸும் வந்த பிறகும் சந்தைக்கு முந்தின நாள் பத்துப் பதினைந்து பெண்கள் மூட்டையோடு வந்து அங்கேதான் படுப்பார்கள். தையிலிருந்து யாரும் படுப்பதில்லை. அப்படி ஒரு நாற்றம்.

மலைக்காரர்கள்தான் அசிங்கம் செய்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இடித்துவிட்டு அந்த இடத்தில் எட்டுக் கடை கட்டலாம் என்று தங்கவேல் மனு எழுதினார். ஊரில் எண்பத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினோராவது கையெழுத்து கோகிலவாணியுடையது. அந்த மனுவின் பேரில்தான் இன்று பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸ் அதிகாரி பார்வையிட வருகிறார்.

சாவடி மதிலுக்கு அந்தப் பக்கம் முப்பதடி தள்ளி, மேட்டுத் தெருவின் குடிதண்ணீர் போர் இருக்கிறது.

கோகிலவாணியின் கண் சமையலறை மூலைக்குப் போனது. அங்கே ஒரு நீலக் கேன். அபிநயா வீடு திரும்பிய அன்று வெற்றிச்செல்வன் தோளில் தூக்கி வந்து இறக்கியது. "இனிமே பாப்பாவுக்கு இந்தத் தண்ணிதான்" என்று சொல்லியிருந்தான். டாக்டர் சொல்லியிருப்பார் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டில், தங்கவேல் வீட்டில், மூன்று மாதமாகக் கேன் தண்ணீர். அவர் மனைவி தமிழரசி, "அவருக்கு போர் தண்ணி ஒத்துக்கல" என்று சொன்னபோது கோகிலவாணி மனதுக்குள் சிரித்திருந்தாள். பெரிய மனுஷத்தனம் காட்டுகிறார் என்று.

வாயில் எச்சில் ஊறியது. விழுங்க முடியவில்லை. கொல்லைக்குப் போய்த் துப்பினாள்.

வாசலில் வெற்றிச்செல்வன் லாரியின் டயரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நேத்து சாயங்காலம் எங்க போனீங்க?"

"வேலூருக்குத்தான். கொட்டறதுக்கு."

போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் பார்த்தான். குழாயைத் திருகி மூடினான். கையை லுங்கியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"போய் வர எழுவது கிலோமீட்டரு, கோகிலா. எப்படியும் இடிக்கப் போற கட்டடம், மூடப் போற கிணறு, அதுல வுட்டா இன்னான்னு அண்ணன் கேட்டாரு."

"எத்தினி நாளா?"

"தையிலேர்ந்து."

"பாப்பாவ ஆஸ்பத்திரியில போட்டமே. அப்ப ஒண்ணும் தோணலயா?"

அவன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

"கேன் எதுக்கு வாங்கியாந்தீங்க?"

"ஒரு சந்தேகம்தான்."

"சந்தேகம் வந்தப்பறமும் நேத்து போய் வுட்டிருக்கீங்க."

"அதிகாரி வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்னு அண்ணன் சொன்னாரு." அவன் குரல் தேய்ந்தது. "நாத்தம் கொறையக் கூடாதுன்னு."

கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்தபோது வெற்றிச்செல்வனுக்கு எட்டு வயது. அண்ணன்தான் வளர்த்தார், ஐ.டி.ஐ. படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். அண்ணன் சொன்னதை அவன் ஒரு நாளும் தட்டியதில்லை. அதை நல்ல குணம் என்று அவள் தன் அம்மாவிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"நம்ம புள்ளைக்கு கேனு. எதிர்வூட்டு திரௌபதி புள்ளைக்கு?"

"கோகிலா, மெதுவா பேசு."

"அந்தப் பையன் இன்னும் ஆஸ்பத்திரியில கீறான். அவளுக்கு நீங்கதான நேத்து ஆஸ்பத்திரி பஸ்ஸு எதுன்னு சொல்லி அனுப்பினீங்க."

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். ஐந்து வருடம் அந்தக் கை லாரிக் குழாயைப் பிடித்துவிட்டு வந்து சோறு பிசைந்திருக்கிறது. ஒரு நாளும் அவள் அருவருத்ததில்லை. இப்போது உடம்பு தானாகப் பின்வாங்கியது.

"தொடாத," என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

*

பதினோரு மணிக்குச் சாவடி வாசலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தங்கவேல் வெள்ளைச் சட்டையில், ஒரு அட்டைப்பெட்டி நிறைய முகக்கவசங்களோடு நின்றார். வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இளநீர் வெட்டி வைக்கவும் ஆள் போட்டிருந்தார்.

புளிய மரத்தடியில் ஐந்து மலைக்காரப் பெண்கள் தனியாக நின்றார்கள். அவர்களில் கெங்கம்மாளை மட்டும் கோகிலவாணிக்குத் தெரியும். வருடா வருடம் புளி வாங்குவது அவளிடம்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று மாதமாக மூட்டைமேல் தலை வைத்துத் தூங்கியதில் கண்கள் உள்ளே போயிருந்தன. போன வாரம் குடிகாரன் ஒருத்தன் அவள் கூட வந்த பெண்ணின் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"இடிக்கப் போறாங்களா, பொண்ணே?" என்றாள் கெங்கம்மாள்.

"நானும்தான் கையெழுத்து போட்டேன், அக்கா."

கெங்கம்மாள் முகத்தைச் சாவடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது கோகிலவாணிக்கு ஒரு அறை வாங்கியதுபோல இருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி சசிகலா, இளம் வயது. இறங்கியதுமே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். வாசல்படியிலிருந்து இருபதடி தள்ளியே நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார்.

"எத்தனை மாசமா இப்படி?"

"வருஷக்கணக்கா, மேடம்," என்றார் தங்கவேல். "மலைக்காரங்க வந்து தங்கறாங்க இல்ல. அவங்களுக்கு கக்கூஸ் போற பழக்கம் கெடையாது. நாம இன்னா பண்றது. பாவம்னு வுட்டு வெச்சோம். இப்ப புள்ளைங்களுக்கு சீக்கு வந்துடுச்சு. எந்தம்பி பொண்ணே மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அபிநயா படுத்திருந்த கட்டிலுக்கு ஆப்பிளும் திராட்சையும் வாங்கி வந்து, அவள் தலையைத் தடவிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது கோகிலவாணிக்கு ஞாபகம் வந்தது. அந்தத் திராட்சையைக் கழுவிக் கொடுத்தது அவள்தான். எந்தத் தண்ணீரில் கழுவினாள்? நல்லவேளையாக ஆஸ்பத்திரித் தண்ணீர். இனி ஒவ்வொன்றையும் இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

"கல்வெட்டு, பழைய பத்திரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் சசிகலா. "இருந்தா பாதுகாக்கச் சொல்லி நான் எழுதலாம். ஒண்ணுமே இல்லாத கட்டடத்துக்கு என்னால எதுவும் செய்ய முடியாது."

"ஒண்ணும் கெடையாது, மேடம்."

"இருந்துச்சு," என்றாள் கெங்கம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் முன்னே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"மேக்கால செவுத்துல எழுத்து வெட்டின கல்லு இருந்துச்சு. போன வருஷம் ரெண்டு காலேஜு பசங்க வந்து சுண்ணாம்பு தடவி படிச்சாங்க. மலைமேல கீறவங்க தங்கறதுக்கு கட்டினது, யாரும் விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குன்னு சொன்னாங்க."

"எங்க, காட்டச் சொல்லுங்க," என்றார் தங்கவேல், சிரித்தபடியே. "வெறும் செவுருதான் கீது."

சசிகலா ஓட்டுநரை உள்ளே அனுப்பினார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மேற்குச் சுவரில் கல் இல்லை. ஒரு ஆள் அகலத்துக்குப் புது சிமெண்டுப் பூச்சுதான் இருந்தது.

சசிகலா எழுதுவதை நிறுத்தவில்லை. "கல்வெட்டு இல்லை" என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

கோகிலவாணி முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"மேடம், ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க."

"இங்கேருந்தே தெரியுதும்மா."

"தெரியாது மேடம். இங்கேருந்து நாத்தம்தான் தெரியும்."

தங்கவேல் அவளைப் பார்த்தார். பார்வை மாறியது. "கோகிலா, வூட்டுக்கு போம்மா. புள்ள தனியா கீது."

அவள் படியேறி உள்ளே போனாள். பதினோரு வருடத்தில் அவள் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டபோதுகூட இதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது, உள்ளே தரை சில்லென்று இருந்தது. தூண்களில் முதுகு சாய்த்துச் சாய்த்து, ஒரு ஆள் உயரத்துக்குக் கல் வழவழப்பாக மின்னியது. சுவரில் வரிசையாக விளக்கு வைக்கும் மாடங்கள். ஒவ்வொன்றின் மேலும் நாக்கு நாக்காகக் கரி. மேலே உத்திரத்தில் ஒரு விரிசல் கிடையாது. இதையா இடிந்து விழப்போகிறது என்று மனுவில் எழுதியிருந்தார்கள்?

பின்னால் காலடி கேட்டது. கெங்கம்மாள் வந்திருந்தாள்.

"என் மொத புள்ள இந்தத் தூணாண்டதான் பொறந்தான்," என்றாள், மூன்றாவது தூணைக் காட்டி. "சந்தைக்கு வந்த எடத்துல வலி எடுத்துடுச்சு." பிறகு அவளும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சசிகலாவும் வேறு வழியில்லாமல் வந்தார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் அவர் பின்னால் வந்தார்கள்.

முற்றத்துக் கிணற்றின்மேல் தகரம் போட்டு மூடியிருந்தது. கோகிலவாணி இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

கறுப்பு. விளிம்புக்கு நாலடி கீழே கறுப்புக் கூழ், மெதுவாகக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் பச்சை ஈ. குழந்தைகளின் டயப்பர்கள், நாப்கின்கள், ஒரு ஷாம்பு டப்பா எல்லாம் ஊறி உப்பி மிதந்தன. கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் குழாய் உரசி உரசிக் கல் தேய்ந்திருந்தது.

சசிகலா திரும்பி, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"மேடம், எங்களுக்கு இதுதான் தொழிலு. பாத்தாலே சொல்லிடுவேன்," என்றாள் கோகிலவாணி. மிதந்தவற்றை நோக்கிக் கையை நீட்டினாள். "ஆளுங்க வந்து உக்காந்துட்டு போனா இப்படி இருக்காது. இது டேங்க்ல வருஷக்கணக்கா கெடந்து கறுத்த சகதி. மலைமேல யாரு வூட்ல டயப்பரு போடறாங்க? இது ஒடுகத்தூர் வூட்டு டேங்குங்க. லாரியில வந்து குழாய் போட்டு வுட்டது."

"யார் லாரி?"

"எங்க லாரிதான்."

போனைக் கொடுத்தாள். சசிகலா வாயைத் துடைத்துக்கொண்டு, தேதி தேதியாகத் தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சோர்வு போய் வேறொன்று வந்தது. பின்னால் நின்ற பெண்களுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஒருத்தி, "அய்யோ, அந்தப் போர் தண்ணியத்தான குடிக்கிறோம்," என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

திரௌபதி உட்காரவில்லை. மகனுக்கு மாற்றுத் துணி எடுக்க அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அவள் நேரே கோகிலவாணியின் முன்னால் வந்து நின்று, அவள் காலடியில் துப்பினாள்.

"கலீஜுங்க," என்றாள்.

கோகிலவாணி நகரவில்லை. அந்த எச்சில் தன் கால்விரலில் பட்டதை அவள் துடைக்கவும் இல்லை.

தங்கவேல் எதற்கும் பதறவில்லை. வாசலில் நின்றபடியே மெதுவாகப் பேசினார். "மேடம், வண்டி யாரு பேர்ல கீதுன்னு பாருங்க. எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் கெடையாது. குடும்பத்துல எதாவது சண்டை இருக்கும். பொம்பளைங்க கோவத்துல பேசறது."

சசிகலா வண்டி எண்ணைத் தன் போனில் தட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"உங்க பேரு கோகிலவாணியா?"

"ஆமா, மேடம்."

"வண்டி உங்க பேர்லதான் இருக்கு. லைசென்சும் உங்க பேர்ல."

பெண்கள் பெயரில் வாங்கினால் கடனில் மானியம் கிடைக்கும் என்று அவளிடம் கையெழுத்து வாங்கியது தங்கவேல்தான். ஐந்து வருடம் ஆகிறது. அவள் மறந்தே போயிருந்தாள். அவர் மறக்கவில்லை என்பது அவர் நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

"புகார் எழுதிக் கொடுத்தா முதல் வழக்கு உங்க மேலதான் வரும்," என்றார் சசிகலா. இப்போது அவர் குரலில் கொஞ்சம் தயக்கம். "யோசிச்சுச் சொல்லுங்க."

"வண்டி என் பேர்ல கீதுன்னா என் மேலதான வரணும்."

"ஓட்டினது யாரு?"

கூட்டத்தின் கடைசியில் வெற்றிச்செல்வன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே பேனாவை வாங்கி, சுவர் மாடத்தில் புகார்க் காகிதத்தை வைத்து, தன் பெயருக்குக் கீழே அவன் பெயரை எழுதினாள். அப்பா பெயர், ஊர் பெயர் எல்லாம் சேர்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல்.

மறுபடி நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை.

"இடிக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை," என்றார் சசிகலா கூட்டத்தைப் பார்த்து. "போர் தண்ணியை யாரும் தொடாதீங்க. மத்தியானத்துக்குள்ள டேங்கர் தண்ணி வரும்." பிறகு கோகிலவாணியிடம் தணிந்த குரலில், "நாளைக்குப் பத்து மணிக்கு உங்க வீட்டுக்காரரோட ஆபீசுக்கு வாங்க. யார் சொல்லிச் செஞ்சேன்னு அவர் வாயால சொன்னாத்தான் அந்தப் பேர் உள்ள வரும். இல்லைன்னா நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்," என்றார்.

*

மத்தியானம் லாரிக்குச் சீல் வைத்துச் சாவியை எடுத்துப் போனார்கள். மாலை நாலு மணி வரை வெற்றிச்செல்வன் வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. கோகிலவாணி சமைத்தாள். அபிநயாவுக்கு ஊட்டினாள். தன் தட்டில் போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடி வைத்தாள்.

கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். தமிழரசி. தங்கவேலின் மனைவி. காலையிலிருந்து அழுத முகம்.

"உள்ள வாங்க, அக்கா."

"வேணா. அவரு தூங்கறாரு. எழுந்துக்கறதுக்குள்ள போவணும்." அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அது போர் தண்ணியில கலக்குதுன்னு எனக்கு தெரியாது, கோகிலா. எம் புள்ளைங்க மேல சத்தியமா தெரியாது. கேன் போட்டாரு, குடிச்சேன். கேட்டுக்கணும்னு தோணல."

கோகிலவாணி சமையலறை மூலையில் இருந்த கேனைத் திரும்பிப் பார்த்தாள். தானும் அப்படித்தான் கேட்காமல் இருந்தாள்.

"ஆனா இன்னொண்ணு தெரியும். அந்த எழுத்துக் கல்ல தை மாசம் ரெண்டு பேருமா சேந்து செவுத்துலேர்ந்து பேத்தெடுத்தாங்க. ஒடைச்சா சத்தம் கேக்கும்னு கிணத்துல தள்ளிட்டாங்க. அப்பறந்தான் லாரித் தண்ணிய வுட ஆரம்பிச்சாங்க. அதுமேல யாரும் எறங்க மாட்டாங்கன்னு."

"ரெண்டு பேருமான்னா?"

"அவரும் உம் வூட்டுக்காரரும்."

கோகிலவாணி கதவு நிலையில் கை வைத்துக்கொண்டாள். எழுபது கிலோமீட்டர் ஓட்டம் மிச்சம் என்று அவன் காலையில் சொன்னதும் பொய். மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டபோதும் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

"அதத்தொட்டுதான் வந்தேன்," என்றாள் தமிழரசி. "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி தம்பி எங்க கொட்டாய்க்கு வந்து கிணத்துக் கயிற எடுத்துக்கினு போச்சு. எதுக்குன்னு கேட்டேன். பேசல."

கோகிலவாணிக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் ஆள் இறங்கினால் இரண்டு மூச்சுதான், மூன்றாவது மூச்சு கிடையாது. லாரி வாங்கிய முதல் நாளே வெற்றிச்செல்வன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் யாரையும் உள்ளே இறக்க மாட்டேன் என்று சொன்னவன்.

"பாப்பாவ பாத்துக்குங்க, அக்கா."

செருப்புப் போடாமல் ஓடினாள். மேட்டுத் தெரு முழுக்கக் குடங்கள் டேங்கர் தண்ணீருக்கு வரிசை கட்டியிருந்தன. யாரும் அவளுக்கு வழி விடவில்லை. குடங்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள்.

சாவடிக்குள் வெளிச்சம் சாய்ந்திருந்தது. வெற்றிச்செல்வன் கிணற்றின் கைப்பிடிச் சுவரில், கால் இரண்டையும் உள்பக்கம் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றியிருந்தான். கயிற்றின் ஒரு முனை கல் தூணில், மறுமுனை அவன் இடுப்பில். முதுகு வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தானோ.

அவள் மூச்சு வாங்க, பத்தடி தள்ளி நின்றாள். பக்கத்தில் போகப் பிடிக்கவில்லை.

"எறங்காத. செத்துடுவ."

அவன் திரும்பவில்லை. "கல்லு அடியில கீது, கோகிலா. நாந்தான் தள்ளினேன். நானே எடுத்துத் தந்துடறேன்."

"எடுக்க மாட்ட. அந்தக் கல்ல நாலு பேரு சேந்தாலும் தூக்க முடியாது. செத்துதான் கெடப்ப."

"போவட்டும். நான் செத்தா உனக்கு இன்னா? காலையிலேர்ந்து என்ன பாக்கறதுக்கே உனக்கு கொமட்டுது."

"ஆமா. கொமட்டுது," என்றாள் அவள். "இப்பவும் கொமட்டுது. நாளைக்கும் கொமட்டும்."

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கொப்புளம் உடையும் சத்தம் வந்தது. அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

"நீ செத்துட்டா உங்கண்ணன் மாலை போட்டு, தலையில அடிச்சுக்கினு அழுவாரு. தம்பிதான் எல்லாம் பண்ணான், பாவம் தாங்காம வுழுந்துட்டான்னு ஊருக்கே சொல்லுவாரு. கல்லும் கெடைக்காது. கட்டடமும் போய்டும். அந்த மலைக்காரங்க பேர்ல வெச்ச அழுக்கு அப்படியே நிக்கும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ செத்துட்டா யாரு சாட்சி சொல்றது?"

அவன் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் பேர நான் எப்படி சொல்லுவேன், கோகிலா?"

"எனக்குத் தெரியாது. உம் பேர நான் எழுதினேன் இல்ல. அப்படித்தான்."

அவன் இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. காலை எடுத்து இந்தப் பக்கம் போடு. வூட்டுக்கு வந்து குளி. பாப்பா கிட்ட போவாத, வெளியவே படு. காலையில என்கூட பஸ் ஏறு."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். மூன்றாவது தூணைத் தாண்டும்போது பின்னால் அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிறு கல் தரையில் விழும் சத்தம் கேட்டது. அவள் வாசல்படி வரை வந்து, அங்கே நின்று காது கொடுத்தாள். அவன் பின்னால் வரும் காலடிச் சத்தம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.